ஆகாயத் தாமரையும் 48 பெட்டிகளும்: சேர்மங்களுக்குப் பெயரிடும் வகுப்பில் நடந்தது

பின்னணி

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு எங்கள் வகுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது. படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் 14 பேர், பாடம் வேதியியல். சொல்லிக்கொடுப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர், எல்லோருக்கும் 'ஐயா'. இன்னொரு ஆள் நான். எனக்கு வார நாள்களில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பள்ளியில் கற்பித்த அனுபவம் இல்லை. நடந்ததில் இதற்குப் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதற்குப் பிறகு மலாய். சிலர் மட்டும் இருமொழித் திட்டத்தில் வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஆக ஒரே உலோகத்துக்கு மூன்று பெயர். வீட்டில் செம்பு, பாடநூலில் கூப்ரும், ஆங்கில வகுப்பில் காப்பர். இரும்பு ஃபெரும் ஆகிறது, ஈயம் ப்ளும்பும் ஆகிறது. மலாய்ப் பாடநூல் லத்தீன் பெயரையே வைத்துக்கொண்டதில் ஒரு வசதி இருக்கிறது: குறியீட்டைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், பெரும்பாலும் பெயரில் உள்ள எழுத்துகளே குறியீடு. ஆனால் இருமொழித் திட்டத்துப் பிள்ளையும் மலாய்வழிப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாதி நேரம் பெயர்ப் பஞ்சாயத்திலேயே போய்விடும்.

அதைத் தீர்க்கத்தான் நான் ஒரு தாள் தயாரித்தேன். இடது ஓரம் மேலிருந்து கீழே 8 நேர் அயனிகள்: நாட்ரியம் (சோடியம்), காலியம் (பொட்டாசியம்), அமோனியம், கூப்ரும்(2), ப்ளும்பும்(2), ஃபெரும்(3), அலுமினியம், அர்ஜென்டும் (வெள்ளி). மேல் வரிசையில் 6 எதிர் அயனிகள்: குளோரைடு, அயோடைடு, ஹைட்ராக்சைடு, கார்பனேட், நைட்ரேட், சல்பேட். எட்டாறு நாற்பத்தெட்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மின்சுமையைச் சமன் செய்து வாய்பாடு எழுத வேண்டும், கீழே பெயர் எழுத வேண்டும்.

அடைப்புக்குள் எண் போடும் முறை ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919ல் முன்வைத்தது. ஃபெரிக், ஃபெரஸ் என்று பழைய வால்களை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணைப் போட்டால் போதும். வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐயுபேக் 2005ல் வெளியிட்ட கனிமப் பெயரிடல் பரிந்துரைகளிலும் இந்த எண் இருக்கிறது. முறை எளிது, பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். 48 பெட்டி, 48 சரி என்று நானும் சிவப்புப் பேனாவால் குறி போட்டுக்கொண்டே போனேன்.

முதலில் வந்த கேள்வி

மூன்றாம் வாரம். படிவம் 4 மாணவி ஒருத்தி ஃபெரும்(3) அயோடைடு பெட்டியில் விரலை வைத்துக்கொண்டு, "டீச்சர், இது என்ன கலர்?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தப் பொருளின் நிறத்தில் வண்ணப் பென்சிலால் ஓரம் தீட்டுவாள். ப்ளும்பும் அயோடைடு மஞ்சள், கூப்ரும் சல்பேட் நீலம் என்று தாள் பாதி நிறைந்திருந்தது.

"பழுப்பு" என்றேன்.

எனக்குத் தெரியாது. இரும்பு மூன்று என்றால் பழுப்பு, அயோடின் என்றாலும் பழுப்பு, அந்தக் கணக்கில் வாயில் வந்துவிட்டது. அவள் பழுப்புப் பென்சிலை எடுத்துத் தீட்டினாள். இந்த நிகழ்வில் என் முதல் தவறு அதுதான்.

அன்றிரவு தேடிப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. மூன்று சுமை கொண்ட இரும்பு அயனி அயோடைடிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். எலக்ட்ரானைப் பறிக்கும் வலிமையைக் காட்டும் மின்முனை அழுத்த அட்டவணையில் (எண் பெரிதானால் வலிமை அதிகம்) இரும்பு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவது +0.77 வோல்ட், அயோடின் அயோடைடாவது +0.54. இரண்டையும் நீரில் சேர்த்தால் இரும்பு(2)உம் அயோடினும்தான் மிஞ்சும். நான் சொன்ன பழுப்பு அந்த அயோடினின் பழுப்பு. அந்தப் பெயர் ஒட்டிய புட்டியைச் சாதாரண ரசாயனக் கடையில் கேட்டு வாங்க முடியாது.

பிறகு தாள் முழுவதையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அர்ஜென்டும் ஹைட்ராக்சைடு? வெள்ளி நைட்ரேட்டில் காரத்தை விட்டால் விழுவது பழுப்பு நிற வெள்ளி ஆக்சைடு. ஃபெரும்(3) கார்பனேட்டும் அலுமினியம் கார்பனேட்டும்? சோடாக் கரைசலை விட்டால் கார்பன் டைஆக்சைடு பொங்கி வெளியேறி, கீழே ஹைட்ராக்சைடு தங்கும். அமோனியம் ஹைட்ராக்சைடு? எங்கள் வேலையிடத்து அலமாரியில் அந்தப் பெயரோடு புட்டியே நிற்கிறது. ஆனால் உள்ளே இருப்பது நீரில் கரைந்த அமோனியா, லிட்டருக்கு 0.1 மோல் கரைசலில் நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் அயனியாகிறது. அமோனியம் ஹைட்ராக்சைடு என்று தனி மூலக்கூறாக எதையும் அந்தப் புட்டியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

ஐயாவின் வாதம்

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன், முச்சந்திக் கடையில் தே தாரிக் குடித்தபடி ஐயாவிடம் சொன்னேன். இல்லாத பொருள்களுக்குப் பெயர் எழுதச் சொல்லி, அதைச் சரி என்று குறியும் போட்டிருக்கிறோம், தாளை மாற்ற வேண்டும் என்றேன்.

அவர் அசரவில்லை. "ஆகாயத் தாமரைன்னு ஒரு சொல் இருக்கே. அதுல என்னம்மா இலக்கணப் பிழை?" என்றார்.

ஆகாயத் தாமரை, முயற்கொம்பு, மலடி மகன். சொல் சரியாகப் புணர்ந்திருக்கும், பொருள்தான் உலகத்தில் இருக்காது. தமிழில் இதற்கு 'இல்பொருள்' என்றே பெயர் உண்டு. அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை என்று தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள். பெயரிடும் விதி ஓர் இலக்கணம், இலக்கணம் தெரிகிறதா என்று சோதிக்கத்தான் தாள், இருப்பது இல்லாதது வேறு பாடம் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருந்தது. ஃபெரும்(3) அயோடைடு என்று எழுதத் தெரிந்தால்தான் 'ஃபெரும்(3) அயோடைடு நிலைக்காது' என்று சொல்லவே முடியும்.

எனக்கு உறுத்தியது வேறு. முயலுக்குக் கொம்பில்லை என்று தெரிந்துகொண்டு ஒருவர் 'முயற்கொம்பு' என்கிறார். எங்கள் பிள்ளைகள் முயலையே பார்த்ததில்லை. ஆய்வுக்கூடமில்லாத அறையில் 48 பெட்டிகளும் அவர்களுக்கு ஒரே மாதிரி உண்மை. ஒருத்தி அதற்கு வண்ணமும் தீட்டிவிட்டாள்.

எடுத்த முடிவு: செய்து பார்ப்பது

இருவருக்கும் ஒத்துப்போன இடம் ஒன்றுதான்: சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும். கூப்ரும்(2) அயோடைடும் ஃபெரும்(3) கார்பனேட்டும் எடுத்துக்கொண்டோம். பொருள் மலிவு, ஆபத்தும் குறைவு. செம்பு சல்பேட்டும் பொட்டாசியம் அயோடைடும் ஐயா தெரிந்த ரசாயனக் கடையில் வாங்கிவந்தார். இரும்பு(3) குளோரைடு ஜாலான் பாசார் மின்னணுக் கடையில், சர்க்யூட் பலகையை அரிப்பதற்கென்று புட்டியில் விற்பார்கள். அயோடினின் நிறத்தைப் போக்கும் சோடியம் தயோசல்பேட்டுக்கு நான் அலையவே இல்லை. மீன்தொட்டிக் கடையில் குளோரின் நீக்க விற்கும் வெள்ளைப் படிகம் அதுதான், பொட்டலம் 3 வெள்ளி (ரிங்கிட்).

தொடங்கும் முன் ஐயா குறுக்கே ஒரு கேள்வி போட்டார், எனக்குத்தான். செம்பு இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது அட்டவணைப்படி +0.15 வோல்ட். அயோடினுடையது +0.54. அப்படியென்றால் செம்பால் அயோடைடை ஆக்சிஜனேற்றம் செய்ய முடியாது, கூப்ரும்(2) அயோடைடு இருந்துவிட்டுப் போகலாமே? நான் மாட்டிக்கொண்டேன். அவரே விடையும் சொன்னார். செம்பு(1) அயோடைடு நீரில் கரையாது. உண்டான நொடியே வீழ்படிவாக ஒதுங்கிவிடுவதால் கணக்கு மாறி, அந்த வினையின் மின்னழுத்தம் +0.86க்கு ஏறிவிடும். அட்டவணையின் ஒரு வரியை மட்டும் பார்த்து 'இருக்கும், இருக்காது' என்று தீர்ப்புச் சொல்லாதே என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

சோதனைக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் நீலக் கரைசல். அதில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றியதும் நீலம் அந்தக் கணமே காணாமல் போய், குழாய் முழுக்கச் சேற்று நிறம் ஆனது. "அதான் டீச்சர் சொன்ன பழுப்பு" என்றான் ஒரு பையன். சோறு வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு விட்டோம். கருநீலம், அயோடின். அப்புறம் தயோசல்பேட். முதல் குழுவினர் ஆர்வத்தில் நிறைய ஊற்றிவிட, பழுப்போடு வீழ்படிவும் கரைந்து தெளிந்த நீர் போல ஆகிவிட்டது. மிகுதியான தயோசல்பேட்டில் செம்பு(1) அயோடைடு கரையும், அதைச் சொல்ல நான் மறந்திருந்தேன். இரண்டாம் குழு சொட்டுச் சொட்டாக விட்டது. பழுப்பு வெளுத்துக்கொண்டே வந்து, அடியில் பால் திரிந்தது போல் வெள்ளையாக ஒன்று தங்கியது. அந்த மாணவி குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாளில் கூப்ரும்(2) அயோடைடு பெட்டியின் ஓரத்தை அழித்துவிட்டு, தீட்டாமல் விட்டாள்.

இரும்புக் கரைசலில் சலவைச் சோடா விட்டபோது நுரை பொங்கியது, துருநிறக் களி இறங்கியது. நுரையை மட்டும் சாட்சியாக எடுக்க ஐயா சம்மதிக்கவில்லை. அந்தக் கரைசலே அமிலத்தன்மை உள்ளது, சோடா எப்படியும் பொங்கும் என்றார். சரி என்று களியை நாலைந்து முறை கழுவி அதன்மேல் வினிகர் விட்டோம். நுரையில்லை. உள்ளே கார்பனேட் இருந்தால் பொங்கியிருக்க வேண்டும்.

செம்பு கலந்த கழிவைத் தொட்டியில் கொட்டவில்லை. செம்பு மீனுக்கு ஆகாது. புட்டியில் அடைத்து எங்கள் கூடத்துக் கழிவோடு சேர்த்தேன்.

என் இரண்டாம் தவறு

சோதனை நன்றாக நடந்துவிட்ட சந்தோஷத்தில் நான் ஓர் அட்டை எழுதிச் சுவரில் மாட்டினேன். தலைப்பு 'இல்பொருள் பட்டியல்'. ஐயாவின் சொல்லையே எடுத்துக்கொண்டேன். தாளிலிருந்து ஏழு: ஃபெரும்(3) அயோடைடு, கூப்ரும்(2) அயோடைடு, ஃபெரும்(3) கார்பனேட், அலுமினியம் கார்பனேட், அர்ஜென்டும் ஹைட்ராக்சைடு, அமோனியம் ஹைட்ராக்சைடு, கூப்ரும்(2) கார்பனேட். தாளுக்கு வெளியிலிருந்து இரண்டு: கார்பானிக் அமிலம், சல்பூரஸ் அமிலம்.

ஏழாவதை ஏன் சேர்த்தேன்? பள்ளி ஆய்வுக்கூடங்களில் 'கூப்ரும்(2) கார்பனேட்' என்று ஒட்டியிருக்கும் பச்சைத் தூள் வெறும் கார்பனேட் அல்ல; ஹைட்ராக்சைடும் சேர்ந்த காரக் கார்பனேட். செம்புக் குடத்தில் பிடிக்கும் களிம்பிலும், மாலகைட் என்ற பச்சைக் கல்லிலும் இருப்பது அதுவே. ஹைட்ராக்சைடு இல்லாத தனிச் செம்பு கார்பனேட்டை முதன்முதலாகச் செய்தது 1973ல், 500 பாகை வெப்பத்தில், வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 20,000 மடங்கு அழுத்தத்தில். இதெல்லாம் படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடநூலுக்கே தெரியாததைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம் என்ற நினைப்பு.

ஐயா அட்டையைப் படித்துவிட்டு, "இப்படி ஆரம்பிச்சா எங்க நிறுத்துவீங்க?" என்றார். உப்புப் பகுப்பாய்வில் வரும் பழுப்பு வீழ்படிவை ஃபெரும்(3) ஹைட்ராக்சைடு என்று எழுதச் சொல்கிறோம். அதுவும் பெரும்பாலும் நீரேறிய ஆக்சைடுதான், மூன்று ஹைட்ராக்சைடு ஒட்டிய எளிய பொருளல்ல. அதையும் பட்டியலில் போடுவதா? நான் சிரித்து மழுப்பினேன். அட்டை இறங்கவில்லை.

பிள்ளைகள் அந்த ஒன்பதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். 48 பெட்டிகளை எப்படிச் செய்தார்களோ அப்படியே. அதை நான் கவனிக்கவில்லை.

தொடர்ந்து நடந்தவை

ஏழு வாரம் கழித்து, வண்ணம் தீட்டும் மாணவியின் தாயார் வகுப்புக்கு வந்தார். கையில் பள்ளித் தேர்வுத்தாள். கேள்வி சாதாரணமானது: கூப்ரும்(2) கார்பனேட்டைச் சூடாக்கினால் காண்பது என்ன, சமன்பாடு எழுது. பச்சைத் தூள் கறுப்பாகும், வரும் வாயு சுண்ணாம்பு நீரைக் கலங்கச் செய்யும் என்று எழுதினால் முழு மதிப்பெண். அவள் எழுதியது ஒரே வரி: 'செபாத்தியான் இனி தீடாக் வூஜுட்'. இந்தச் சேர்மம் இல்லை. மூன்று மதிப்பெண் போயிற்று.

"இல்லாத பொருளப் பத்தி ஏன் டீச்சர் கேள்வி கேக்குறாங்க? மத்த பிள்ளைங்க எல்லாம் எழுதியிருக்காங்களே" என்றார் தாயார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். மகள் பின்னால் நின்று அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருத்திய ஆசிரியர் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. பச்சைத் தூள் இருக்கிறது, சூடாக்கினால் கறுக்கத்தான் செய்யும். காரக் கார்பனேட் என்றால் கூடவே நீராவியும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். 'இல்லை' என்ற விடைதான் தவறு, அந்த 'இல்லை'யை எழுதிக்கொடுத்தது நான். இதை அந்தத் தாயாரிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

அதே நாள் இன்னோர் அடி. படிவம் 5 பையன் ஒருவன், வகுப்பிலேயே அதிகம் பேசாதவன், கார்பானிக் அமிலத்தைக் காட்டி, "இதைச் செஞ்சிருக்காங்களே டீச்சர்" என்றான். அவன் சொன்னது சரி. சோடா நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடில் சுமார் 600ல் ஒரு பங்கு கார்பானிக் அமிலமாக இருக்கிறது. குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நீரே இல்லாத இடத்தில் தனி மூலக்கூறு அறை வெப்பநிலையில் நிலைத்து நிற்கும், அதன் அரை ஆயுள் 1,80,000 ஆண்டு என்று ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பக்கத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்துவிட்டால் சிதைவு பல மடங்கு வேகமாகும். ஆக, அமிலம் தானாகவே உடையும் சுபாவம் உள்ளது என்று சொல்ல முடியாது. நீர்தான் அதை உடைக்கிறது.

பரிசீலனை

அன்று மதியம் பிள்ளைகள் போன பிறகு அட்டையை நடுவில் வைத்து நானும் ஐயாவும் உட்கார்ந்தோம். ஒன்பதையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டதுதான் கோளாறு என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவை ஒன்பது விதமாக 'இல்லை'. கூப்ரும்(2) அயோடைடு பிறந்த இடத்திலேயே வேறாகிவிடுகிறது. அமோனியம் ஹைட்ராக்சைடு, புட்டியில் இருப்பதற்குத் தவறாக ஒட்டிய பழைய பெயர். தனிச் செம்பு கார்பனேட் கடும் அழுத்தத்தில் பிறந்தது. கார்பானிக் அமிலம் நீரில் கொஞ்ச நேரம், நீரில்லாமல் நெடுங்காலம்.

ஐயா பெர்புரோமேட் கதையைச் சொன்னார். பெர்குளோரேட் உண்டு, பெர்அயோடேட் உண்டு, நடுவில் புரோமினுக்கு மட்டும் கிடையாது என்று புத்தகங்கள் எழுதின, ஏன் இருக்க முடியாது என்று காரணமும் கொடுத்தன. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஈவன் ஆப்பெல்மன் 1968ல் அதைச் செய்துகாட்டினார். அவர் பயன்படுத்திய வழிகளில் ஒன்றுக்கு செனான் டைஃபுளோரைடு தேவைப்பட்டது. 1962ல் நீல் பார்ட்லெட் செனான் சேர்மத்தைச் செய்யும் வரை செனானும் எதனோடும் சேராத வாயு என்றுதான் பாடம். ஓர் இல்பொருளை வைத்து இன்னோர் இல்பொருளைச் செய்திருக்கிறார்கள்!

இதில் எனக்கு உறைத்தது ஒன்று. ஒன்பதில் நாங்கள் கண்ணால் பார்த்தவை கூப்ரும்(2) அயோடைடும் ஃபெரும்(3) கார்பனேட்டும் மட்டுமே. மற்ற ஏழும் நான் படித்தவை. பார்த்ததையும் படித்ததையும் ஒரே நிற மையில், ஒரே தடிமனில் எழுதியிருந்தேன். செம்புக் கரைசலில் சோடா விட்டு வினிகர் சோதனையையும் செய்திருந்தால் அந்தப் பச்சைக்களி பொங்கியிருக்கும். கார்பனேட் உள்ளே இருக்கிறது, கூட வேறொன்றும் இருக்கிறது என்று பிள்ளைகளே பேசத் தொடங்கியிருப்பார்கள்.

மாற்றிய முறை

அட்டையை எடுத்துவிட்டோம். 48 பெட்டித் தாள் அப்படியே இருக்கிறது, அதில் ஐயாதான் சரி. ஆனால் தாளைத் திருப்பினால் பின்பக்கமும் 48 பெட்டிகள். அதில் 'உண்டு, இல்லை' எழுதக்கூடாது. எங்கே, எந்த நிலையில், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். நாமே பார்த்தது என்றால் பேனா, படித்தது என்றால் பென்சில்.

தேர்வுக்கு ஒரு வழக்கம் வைத்தோம். கேட்ட கேள்விக்குக் கேட்டபடி விடை எழுதிவிடு. மேலே சொல்ல ஏதாவது இருந்தால் கீழே தனி வரியில் எழுது. இது சமரசம் இல்லையா என்று அந்தப் பேசாத பையன் கேட்டான். ஆமாம் என்றேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பள்ளித் தேர்வில் அந்த மாணவி கார்பனேட் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினாள். நீராவி பற்றி ஒரு வரி சேர்த்திருந்தாள், அதன் பக்கத்தில் ஆசிரியர் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். வண்ணம் தீட்டுவதை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள். அது எனக்கு வருத்தம்.

மறுபடி செய்தால்

முதல் வாரமே நிறம் தெரியாத பெட்டிகளைக் காலியாக விடச் சொல்வேன். எனக்குத் தெரியாத நிறத்தை ஊகித்துச் சொல்ல மாட்டேன். சோதனையைப் பெயரிடலுக்கு முன்னால் வைப்பேன்: முதலில் சேற்று நிறம், அப்புறம் அதற்கு என்ன பெயர் என்ற சண்டை. தயோசல்பேட்டைச் சொட்டுக்குழாயில் மட்டுமே கொடுப்பேன்.

ப்ளும்பும்(2) ஹைட்ராக்சைடு பெட்டி இன்னும் தீரவில்லை. தேர்வில் அது வெள்ளை வீழ்படிவு. அந்த எளிய வாய்பாடு கொண்ட தூய பொருள் உண்மையில் கையில் கிடைக்கிறதா என்பதில் ஐயாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை, ஈய உப்பை அந்த அறைக்குள் கொண்டுவந்து பார்க்கவும் இருவருக்கும் மனமில்லை. தாளின் பின்பக்கம் அந்தப் பெட்டியில் பென்சில்கூட இன்னும் படவில்லை.